கொன்ஸ்ரன்ஸின் மூன்றாம் ஓலை

கொன்ஸ்ரன்ஸுக்கு ஆண்டவர் வீடுவாசலைப் பெரிதாகக் கொடுக்கவில்லை. கண்டவர் திரும்பிப் பார்க்கிற முகத்தையும் கொடுக்கவில்லை. ஒரு குரலைக் கொடுத்தார். கொழும்பில் கொட்டாஞ்சேனைக் கோயிலில் அவள் பாட்டுக்காரரோடு நின்று பாடினால், கடைசி வாங்கில் இருக்கிற கிழவர்கள் செபமாலை உருட்டுவதை விட்டுவிட்டுக் கேட்பார்கள். அந்தக் குரலாலேயே வேலையும் கிடைத்தது. கன்னியர் மடத்தில் படித்த இங்கிலிசோடு கோட்டையில் ஒரு தேயிலைக் கம்பனிக்குப் போனாள். துரை ஒரு கடதாசியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பாதி வாசிக்க முந்தியே, திங்கட்கிழமை வா என்று சொல்லிவிட்டார். இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு முந்தின காலம் அது. தமிழ்ப் பெண்பிள்ளை ஒன்று கந்தோருக்கு வேலைக்குப் போகிறது என்றால் தெருவே வாசலுக்கு வந்து நின்று பார்க்கும்.

வேலை டெலிபோன் சுவிச்போட்டில். சுவரோடு நிற்கிற அலுமாரி மாதிரி ஒரு சாமான் அது. அதன் முகத்தில் சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு இடம். கந்தோருக்குள்ளே யார் டெலிபோனைத் தூக்கினாலும், கம்பனியின் கிராண்ட்பாஸ் ஸ்டோரில் இருந்து தூக்கினாலும், அந்த இடத்துத் தகடு டக்கென்று விழும். வெளிச்சனம் கூப்பிட்டால் விழுகிற தகடுகள் வேறு, மேல் வரிசையில். விழுந்த இடத்தில் வயரைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, கேட்ட இடத்துக்குக் கொழுவிவிட வேண்டும். காலையில் இருந்து பின்னேரம் வரைக்கும் அந்த இரண்டு சொல்தான்.

கிராண்ட்பாஸ் ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளுக்குப் பொறுப்பான கிளாக்கர் கிளெமென்ற். அவளைக் கண்ணால் காண முந்தியே அவன் அந்த இரண்டு சொல்லில் விழுந்துவிட்டான். பெட்டி வந்ததென்று ஒருதரம் சொன்னால் போதும், அவன் மூன்றுதரம் கூப்பிட்டுச் சொன்னான். பிறகு விசாரித்தான். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, வேதக்காரக் குடும்பம், தகப்பன் ஒஸ்வால்ட் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவர், தலைநிமிர்ந்து பேசத் தெரியாத மனிதன் என்று அறிந்ததும், தாய் திரேசம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்தான். அவள் கதவடியில் வந்து நின்றபோது அவன் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் ஓடியது. அதைக் கொன்ஸ்ரன்ஸ் கண்டாள். "தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று அவள் கேட்டாள். ஏமாற்றம் போன இடம் தெரியவில்லை.

நிச்சயம் செய்த பிறகும் அவர்கள் தனிய இருந்து கதைத்தது கிடையாது. அவன் ஞாயிறு பின்னேரம் வந்தால் ஒரு பக்கம் அவளுடைய தாய் றெஜினா, மற்றப் பக்கம் ஒஸ்வால்ட், சுவரில் திரு இருதயப் படம். கதைக்கிறதெல்லாம் டெலிபோனில்தான். துரையிடம் கொழுவச் சொல்ல முந்தி, "சாப்பிட்டீரோ?" என்பான். "ஓம்" என்பாள். "என்ன கறி?" "சூடை மீன்." அவ்வளவுதான் அவர்களுடைய காதல். ஆனாலும் கிராண்ட்பாஸ் தகடு எப்போது விழும் என்று அவள் கண் அதிலேயே இருந்தது. ஒரு மனிதன் தன்னை விரும்புகிறான் என்பதில் அவளுக்கு இருந்த சந்தோசத்தை அந்த மாதாவே அறிவா.

பிறகு அந்த மனிதனுக்கு ஒரு புழு பிடித்தது. ஒருநாள் துரை யாருடையவோ பெயரைக் கண்டபடி சொல்ல அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு வாயில் இருக்கவே கிராண்ட்பாஸ் தகடு விழுந்தது.

"ஆரோட சிரிச்சனீர்?"

"துரை ஒரு பேரைப் பிழையாச் சொன்னார்."

"துரையோ? இல்லாட்டி அந்தக் கணக்குப் பகுதி யோகநாதனோ?"

யோகநாதன் வெள்ளவத்தையில் இருந்து ரயிலில் வருகிற சைவப் பிள்ளை. திருநீறு கலையாமல் வந்து திருநீறு கலையாமல் போகிற ஆள். அவளிடம் இலக்கம் கேட்பான், 'தாங்ஸ்' சொல்வான், வேறு பேச்சில்லை.

"அவருக்கு என்ன?" என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

"அவனுக்கும் இப்பிடித்தானே நம்பர் கேப்பீர்? இந்தக் குரலில?"

"இது வேலைக் குரல்."

"எனக்குக் கேக்கிறதும் இதே குரல்தான். அப்ப எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?"

ஆண்டவர் கொடுத்தது ஒரே ஒரு குரல். ஆளுக்கொன்று எங்கே போய் எடுக்கிறது? அன்றிலிருந்து அவன் பெட்டி வந்தாலும் கூப்பிட்டான், வராவிட்டாலும் கூப்பிட்டான். லைன் கிடைக்கச் சுணங்கினால், "ஆரோட இவ்வளவு நேரம்?" உடனே எடுத்தால், "ஆர் கூப்பிடுவினம் எண்டு காத்துக்கொண்டிருந்தனீர்?" கறி என்ன என்று கேட்கிறதை மறந்தே போனான். அந்தத் தகடு விழுந்தால், வயரைச் செருக முந்தி அவள் சிலுவை அடையாளம் போடத் தொடங்கினாள். கலியாணம் முடிந்தால் சரியாகிவிடும் என்று தாய் சொன்னா. அவளும் அப்படியே நம்பிச் செபம் செய்தாள்.

தை மாதம் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். வேதக்காரருக்குக் கலியாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சுவாமி ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று. முதல் ஓலையோடு ஊருக்கு விசயம் தெரியும். இரண்டாம் ஓலை வாசித்த பிறகு கலியாணம் குழம்பினால், குழப்பினது யாராக இருந்தாலும், அந்தப் பெண்ணிடம்தான் ஏதோ பிழை என்று ஊர் முடிவுகட்டிவிடும். அவள் வாசலை வேறொருவன் மிதிக்கமாட்டான்.

இரண்டாம் ஓலை வாசித்து, அந்தக் கிழமைக்குள்ளே ஒரு நாள் மத்தியானம், கிராண்ட்பாஸ் தகடு விழுந்தது.

"நம்பர் ப்ளீஸ்."

"நம்பர் வேண்டாம். உங்கட குரலைக் கேட்டாப் போதும்."

தடித்த குரல். வாயில் லேஞ்சித் துணியைப் பொத்திக்கொண்டு கதைக்கிறது போல. கொன்ஸ்ரன்ஸ் தகட்டைப் பார்த்தாள். கிராண்ட்பாஸ்தான். அங்கே இருக்கிறது ஒரே டெலிபோன், அது கிளெமென்றின் மேசையில். வேறு ஆள் அதில் கைவைக்க அவன் விடவே மாட்டான். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எந்நேரமும் உறுக்குகிற மனிதனுக்கும் ஒரு விளையாட்டு வந்துவிட்டதே என்று நெஞ்சு குளிர்ந்தது.

"ஆர் கதைக்கிறது?" என்று தெரியாதவள் மாதிரிக் கேட்டாள்.

"பேர் சொல்லமாட்டன். வெள்ளவத்தையில இருக்கிறன். ஒவ்வொரு நாளும் உங்களோட கதைக்கிற ஆள்தான்."

"அப்பிடியெண்டா எனக்கும் தெரிஞ்ச ஆள்தான். நானும் உங்கட குரலுக்குத்தானே காத்துக்கொண்டிருக்கிறனான்."

அந்தப் பக்கம் மேசையில் எதையோ தட்டிவிட்ட சத்தம் கேட்டது.

"சனிக்கிழமை கந்தோர் அரைநாள். வெள்ளவத்தை ஸ்டேசனுக்கு வருவீங்களோ? கடற்கரையில நிண்டு கதைப்பம்."

"நிச்சயம் செய்த பிள்ளையை இப்பிடிக் கூப்பிடலாமோ?"

"விருப்பம் இல்லாட்டி வேண்டாம்."

"வாறன்" என்றாள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு அடி தனிய வைக்க ஏலாது. வெள்ளவத்தையில் தங்களை அறிந்தவர் இல்லை. அதனால்தான் அந்த இடத்தைச் சொல்லியிருக்கிறான் என்று அவள் நினைத்தாள். கலியாணத்துக்கு முந்தி ஒருக்கால், அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இல்லாமல், அவன் முகத்தைப் பார்த்து, உங்களை விட்டால் எனக்கு ஆர் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அந்தப் புழு செத்துப்போகும். வீட்டில், அன்றைக்குக் கந்தோரில் வேலை கூடுதல் என்று பொய் சொன்னாள். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை நீலச் சீலை உடுத்திக்கொண்டு போனாள். கந்தோர் விட்டதும் புறக்கோட்டையில் ஜாபிர் நானாவின் கடையில் ஏறி மஸ்கற் இனிப்பு வாங்கினாள். கிளெமென்றுக்கு மஸ்கற் என்றால் உயிர்.

"என்ன தங்கச்சி, முகமே இனிச்சுக் கிடக்குது. இனிப்பு வேற என்னத்துக்கு?" என்றார் நானா.

"வாற மாசம் எனக்குக் கலியாணம் நானா."

"அப்ப மாப்பிள்ளைக்கா? சொல்லவேணாமா? ஒரு துண்டு கூடப் போடுறன். அல்லாஹ் நல்லா வைக்கட்டும்."

வெள்ளவத்தையில் ரயிலை விட்டு இறங்கினாள். கடற்காற்று சீலையை இழுத்தது. ஸ்டேசன் சுவருக்குப் பின்னால் இருந்து கிளெமென்ற் வெளியே வந்தான். அவனைக் கண்டதும் கொன்ஸ்ரன்ஸ் வாய் நிறையச் சிரித்தாள். அடுத்தபடி அவனுக்குப் பின்னால் குடையும் கையுமாக வந்த ஆளைக் கண்டாள். அப்பா.

"பாத்தீங்களோ மாமா," என்றான் கிளெமென்ற். "சிரிச்சுக்கொண்டு வாறா. சீலையைப் பாருங்கோ."

"அப்பா, நீங்கள் இஞ்ச என்ன..."

"ஆரைப் பாக்க வந்தனீர்?" கிளெமென்ற் குறுக்கே விழுந்தான்.

"உங்களைத்தான்."

"என்னையோ? நான் உம்மைக் கூப்பிட்டனானோ? வெள்ளவத்தைக்காரன் ஒருத்தன் டெலிபோனில கூப்பிட்டான், நீர் உடன வாறன் எண்டீர். அந்த வெள்ளவத்தைக்காரன் ஆர் தெரியுமோ? நான்! குரலை மாத்திக் கதைச்சுப் பாத்தன். உம்மைச் சோதிச்சுப் பாத்தன். யோகநாதன் எண்டு நினைச்சு ஓடி வந்திருக்கிறீர்."

ஒஸ்வால்டின் முகம் சாம்பலாய்ப் போயிருந்தது. "கொன்சி, வாறன் எண்டு சொன்னியோ?"

"சொன்னனான் அப்பா, ஆனா..."

"கேட்டீங்களோ! அவவே சொல்லுறா!"

மேடையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. கடலை விற்கிற சிங்களப் பெண்பிள்ளை ஒருத்தி, "மொக்கத நோனா?" என்று, என்ன நடந்தது என்கிற மாதிரி, கிட்ட வந்து கேட்டாள். கொன்ஸ்ரன்ஸ் காற்றில் இழுபட்ட சீலைத் தலைப்பை இழுத்துப் பிடித்தாள். சனத்துக்கு நடுவில் நின்று தன் நடத்தைக்குச் சாட்சி சொல்லுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "வீட்டை போவம்" என்று மட்டும் சொன்னாள். திரும்பிப் போகிற ரயிலில் அவளை நடுவில் இருத்திக்கொண்டு போனார்கள். மடியில் இருந்த மஸ்கற் பொதியின் எண்ணெய் கடதாசியைத் தாண்டி நீலச் சீலையில் ஊறிக்கொண்டு போனது.

வீட்டில் திரேசம்மா முதலே வந்து கதிரையில் இருந்தா. மகன் எல்லாம் ஏற்பாடு செய்துதான் போயிருக்கிறான்.

"நான் அண்டைக்கே சொன்னனான்," என்று தொடங்கினா. "அந்தப் பெட்டிக்கு முன்னால இருந்து நூறு ஆம்பிளையளுக்குத் தேன் வார்க்கிற பிள்ளை எங்களுக்கு வேண்டாம் எண்டு. மகன்தான் குரல், குரல் எண்டு நிண்டான். இப்ப அந்தக் குரல் வெள்ளவத்தை வரைக்கும் போயிட்டுது."

"குடியைக் கெடுத்துப்போட்டியேடி!" றெஜினா தலையில் அடித்துக்கொண்டா. "ரெண்டு ஓலை வாசிச்சாச்சுதேடி!"

கொன்ஸ்ரன்ஸ் மஸ்கற் பொதியை மேசையில் வைத்தாள். ஒருவரையும் பார்க்காமல் கிளெமென்றை மட்டும் பார்த்தாள்.

"கூப்பிட்டது நீங்கள் எண்டு எனக்கு அப்பவே தெரியும். ஒவ்வொரு இடத்துக்கும் போட்டில ஒவ்வொரு தகடு இருக்கு. விழுந்தது கிராண்ட்பாஸ் தகடு. அங்க டெலிபோன் உங்கட மேசையில மட்டும்தான். லேஞ்சியால வாயைப் பொத்தினா, தகடு மாறி விழுமோ?"

கிளெமென்ற் அந்தப் போட்டை ஒருநாளும் கண்டதில்லை. டெலிபோன் என்றால் பாவசங்கீர்த்தனத் தொட்டி மாதிரி, சத்தம் மட்டும் போகும், ஆள் தெரியாது என்றுதான் அவன் நினைத்திருந்தான். அவன் வாய் திறந்தபடி நின்றது.

"அப்ப நான் எண்டு தெரிஞ்சோ வாறன் எண்டனீர்?"

"தெரிஞ்சுதான். மஸ்கற் வேற ஆருக்கு வாங்குவன்?"

கிளெமென்ற் பொதியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு திரேசம்மா பெரிதாகச் சிரித்தா.

"அட, என்ர மாதாவே! இவன் இவளைச் சோதிக்க, இவள் இவனை எல்லோ சுத்தி விளையாடியிருக்கிறாள்! றெஜினா, தேத்தண்ணியை ஊத்து!"

றெஜினா அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டு குசினிக்கு ஓடினா. ஒஸ்வால்ட் மட்டும் குடையை இன்னும் கையில் பிடித்தபடி கதவடியில் நின்றார். பொதியை அவிழ்த்தார்கள். கிளெமென்ற் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து வாயில் போட்டான்.

"நல்ல மஸ்கற்," என்றான். "சரி, என்ர மனசும் தெளிஞ்சிட்டுது. இனிச் சோதிக்கத் தேவையில்லை. நாளைக்கு மூண்டாம் ஓலை. மாசம் முடிய அந்த வேலையை விட்டுப்போடும்."

"வேலையை ஏன் விடவேணும்?"

"உம்மட குரல் இனி என்ர வீட்டுக்குள்ள இருந்தாப் போதும்."

"நான் தகட்டைப் பாக்காமல் விட்டிருந்தா?"

"என்ன?"

"ஆரோ தெரியாத ஆள் எண்டு நினைச்சு, மரியாதைக்கு ரெண்டு சொல்லு நல்லாக் கதைச்சிருந்தா? அப்பவும் இதே பேயாட்டம்தானே ஆடியிருப்பீங்கள்?"

"அப்பிடி நடக்கேல்லையே," என்றான், விரலை நக்கிக்கொண்டு.

"பிள்ளை," என்றா திரேசம்மா, "தப்பினனி எண்டு ஆண்டவருக்கு நன்றி சொல்லு. பிறகும் ஏன் அந்தக் கதை?"

"நான் தப்பேல்லை மாமி. நான் ஒண்டும் செய்யேல்லை." அவள் மஸ்கற் பொதியை மூடினாள். "இவ்வளவு நாளில உங்கட மகன் என்னோட இனிமையாக் கதைச்சது அண்டைக்கு மட்டும்தான். அதுவும் வேறொருத்தன்ர பேரில."

றெஜினா வந்து அவளை மேற்கையில் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனா. "வாயை மூடு. கரை சேர்ந்த தோணியைக் கவிட்டுக் கொட்டாதை." கூடத்தில் கோப்பைச் சத்தமும் திரேசம்மாவின் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன. யாரும் கிளெமென்றிடம், நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. கொன்ஸ்ரன்ஸ் காது கொடுத்துத்தான் நின்றாள். கடைசி வரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை.

ஞாயிறு பூசை மணி அடிக்க முந்தியே அவள் கோயிலுக்குப் போனாள். சுவாமி பூசை உடுப்புப் போட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்.

"என்ன மகள், ஓலை நாளில பொம்பிளை இந்தப் பக்கம்?"

"மூண்டாம் ஓலையை வாசிக்கவேண்டாம் சுவாமி."

அவர் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். "தடை என்ன? உறவுமுறையோ? அவனுக்கு வேற பொம்பிளை இருக்கிறாளோ?"

"அதொண்டும் இல்லை. அவருக்கு என்னில நம்பிக்கை இல்லை. எனக்கு இனி அவரைக் கண்ணிலயும் காட்டப்படாது."

"சண்டை பிடிச்சிருக்கிறாய். கோவத்தில வந்திருக்கிறாய். கோவம் ஆறட்டும்."

"ஆறினாப் பயம் வந்திடும் சுவாமி. அதுதான் ஆற முந்தி ஓடி வந்தனான்."

சுவாமிக்கு முகம் கறுத்தது. "இது விளையாட்டில்லை. ரெண்டு தரம் சபையில கூறினதை நீ வந்து சொல்ல நான் விடுறதோ? ஓலை குடுத்தவர் தகப்பன். அவர் வந்து சொல்லட்டும்."

ஆள் அனுப்பி ஒஸ்வால்டைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சுவாமி விசயத்தைச் சொன்னதும் தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"சுவாமி, ஊர் என்ன சொல்லும்? இவளின்ர தாய் செத்துப்போவா."

"அப்பா," என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "ஸ்டேசன் சுவருக்குப் பின்னால நிக்கேக்க என்ன நினைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்? நான் வரமாட்டன் எண்டோ, வருவன் எண்டோ?"

ஒஸ்வால்ட் பொய் சொல்லுகிற மனிதன் இல்லை. இடம் கோயில், எதிரில் சுவாமி. அவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"வருவாய் எண்டுதான் நினைச்சன்," என்றார்.

கொன்ஸ்ரன்ஸ் அடி வாங்கினவள் மாதிரி ஒரு அடி பின்னுக்குப் போனாள். தகப்பன் அதைப் பார்த்தார். பிறகு சுவாமியின் பக்கம் திரும்பினார்.

"வாசிக்கவேண்டாம் சுவாமி. பெத்த நானே அவனோட சேர்ந்து ஒளிச்சு நிண்டனான். அவன் நாளைக்கு அவளைக் கட்டினாலும் சுவருக்குப் பின்னாலதான் நிப்பான்."

சுவாமி பென்சிலை எடுத்துக் கடதாசியில் ஒரு கோடு கீறினார். "போங்கோ. நான் ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிக்கிறன். இப்ப பூசைக்கு நேரமாச்சு" என்றார். குரலில் இரக்கம் இல்லை.

பிரசங்கம் முடிய ஓலை வாசித்தார். ஆம்பிளையள் பக்கம் முன்வாங்கில் புதுக் கோட்டோடு கிளெமென்ற் கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தான். ஒரு சோடி வாசித்தார், இன்னொரு சோடி வாசித்தார், கடதாசியை மடித்துக்கொண்டு பீடத்துக்குத் திரும்பிவிட்டார். நீட்டின கழுத்து நீட்டினபடி நின்றது. கோயிலுக்குள் ஒரு குசுகுசுப்பு எழும்பி வாங்கு வாங்காகப் பின்னுக்குப் போனது. திரேசம்மா உடம்பு முழுக்கத் திரும்பிப் பெண்கள் பக்கத்தைத் துழாவி, கொன்ஸ்ரன்ஸைக் கண்டுபிடித்து, கண்ணை எடுக்காமல் பார்த்தா.

"என்ன செய்தனி?" றெஜினாவின் நகம் மகளின் மணிக்கட்டில் இறங்கியது. "பாழ்பட்டவளே, என்னடி செய்தனி?"

"அப்பாட்டைக் கேளுங்கோ."

நற்கருணை, அதுதான் நன்மை, வாங்குகிற நேரம் வந்தது. சனம் எழும்பி முன்னே போனது. றெஜினாவும் அழுதுகொண்டு போனா. கொன்ஸ்ரன்ஸ் நன்மைக்காக இரவு தொடக்கம் தண்ணீரும் குடிக்காமல் வந்தவள். ஆனாலும் எழும்பவில்லை. மனதில் பகையை வைத்துக்கொண்டு ஆண்டவரை வாங்கக்கூடாது என்று சின்ன வயதில் புதுநன்மைக்குப் படித்த காலம் தொட்டு அவளுக்குத் தெரியும். இருக்கிறது பகையா, வெறும் துக்கமா என்று தன் மனதைத் தடவிப் பார்த்தாள். பகைதான். மஸ்கற் தின்ற வாயோடும், சிரித்த வாயோடும், சுவருக்குப் பின்னால் நின்ற தகப்பனோடுங்கூட. ஆண்டவரிடம் அதை ஒளிக்காமல் சொல்லிப்போட்டு, வெறும் வாங்குகளுக்கு நடுவில் தனியே முழந்தாளில் நின்றாள்.

திரேசம்மா நன்மை வாங்கி, கைகூப்பி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு திரும்பி வந்தா. கொன்ஸ்ரன்ஸின் வாங்குக்குப் பக்கத்தில் வந்ததும் நடை நின்றது.

"குமராய்க் கிடந்தே உளுத்துப் போவாய்," என்று உதடு அசையாமல் சொன்னா.

கொன்ஸ்ரன்ஸ் நெற்றியில் இறங்கிய முக்காட்டைச் சரிசெய்தாள். பாதையில் கிடந்த சீலைத் தலைப்பை இழுத்து, அவ மிதிக்காமல் போக வழிவிட்டாள்.